குடும்பப் படத்தின் இடது ஓரம்

8.10.74 செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். பாண் வரிசையில் ஒன்றரை மணி நேரம். கிடைத்தது அரை றாத்தல் ரொட்டி. மகள் மலருக்கு இருமல் இன்னும் விடவில்லை. செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்க வேண்டும்.

மாலை நாலு மணி ஃபோட்டோ வகுப்பு. ஆறு பேரில் நாலு பேர் வந்தார்கள். ஃபிலிம் இந்த வாரமும் இல்லை. கொழும்பிலேயே கிடைக்கவில்லையாம். ஹாஜியார் (கீழே ஸ்டூடியோ அவருடையது, மாடியில் வகுப்பறை அவருடையது, பின்கட்டில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறையும் அவருடையதே) மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஃபிலிம் வாற வரைக்கும் வாயால படிச்சுக் குடுங்க மாஸ்டர். வகுப்ப நிப்பாட்ட ஏலாது."

ஆறு பேர், ஒரு கேமரா, உள்ளே ஒன்றுமில்லை. எனவே சரித்திரம் நடத்துகிறேன்.

இன்று, உலகத்தின் முதல் படம். பிரான்சில் ஒருவர் தன் வீட்டு மாடி ஜன்னலில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்திருந்த கதை. வெயில் கிழக்கே இருந்து மேற்கே போகும்வரை வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டே இருந்தது. அதனால் படத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில். சோமாவதி (ஆஸ்பத்திரியில் கிளார்க், வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள்) கேட்டாள்: "அவ்வளவு நேரம் தெருவுல ஒரு ஆளும் போகல்லையா மாஸ்டர்?" போயிருப்பார்கள். நடந்து போனவர்கள் யாரும் விழவில்லை. அசையாமல் நின்றவை மட்டும்தான் விழுந்தன.

படியிறங்கினால் வாசலில் சேகர். என் மனைவி ராசாத்தியின் தம்பி, தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறான். மாமா (ராசாத்தியின் அப்பா) அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னதாக ஒரு கடிதம். "உள்ள வந்து பாத்துட்டுப் போ" என்றேன். "பஸ் போயிரும் மச்சான்" என்று ஓடினான்.

ஒட்டியிருக்கவில்லை. படித்தேன். நாலு வரி. இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. குடும்பத்துக்கே ஒரே புத்தகம். ராசாத்தியின் பெயரும் அதில் இருக்கிறது. தீபாவளி கழித்துக் கிளம்ப வேண்டும்.

ரா.விடம் கொடுக்கவில்லை. இருட்டறைக்குப் போய்ப் பிரிண்ட் தாள் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அந்தப் பெட்டியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் கெட்டுவிடும் என்று மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தொடமாட்டாள்.

10.10.74 வியாழன்

மழை இல்லை, மூட்டம். கைவிரலில் கறை, எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

எனக்கே தெளிவு வேண்டி எழுதுகிறேன்.

69: ஹாஜியார் அனுப்பி, ஹாலிஎலவுக்கு மேலே மேமலைத் தோட்டம் போனேன். எந்த நாடும் இல்லாத எங்கள் ஆட்கள் இரு அரசின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எழுதிப்போட வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்குக் குடும்பப் படம். லயத்து வரிசை வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியை ஆணியடித்துக் கட்டி, குடும்பம் குடும்பமாக நிற்க வைத்தேன். சிதம்பரம் குடும்பம் கடைசிக்கு முந்தியது. அவர், மனைவி, மகன், மகள். மகள் இடது ஓரம். கண்ணை மூடிவிட்டாள், அவர்களுக்கு மட்டும் இரண்டாவது எடுத்தேன். "நான் மூடல, நீங்கதான் சொல்லாம அமுக்கிட்டீங்க" என்றாள். பேச்சு அங்கே ஆரம்பித்தது.

அதே வருடம் நான் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டேன். பதில் இன்றுவரை இல்லை.

71 ஆவணி: தோட்டத்துக் கோயிலில் தாலி. பதிவு செய்யவில்லை. லயத்தில் யார் செய்கிறார்கள்?

72: மலர்.

ஆக, தாள்களின்படி ரா. என்பவள் சிதம்பரத்தின் கல்யாணமாகாத மகள், இந்தியப் பிரஜை. மலர் அந்தப் படத்தில் இல்லை. நான் எந்தத் தாளிலும் இல்லை. அவள் இந்தியாக்காரி என்பதற்கு இருக்கிற ஒரே உருப்படியான அத்தாட்சி நான் எடுத்த படம்.

வகுப்பு: பழைய காலத்தில் முகப்படம் எடுக்க உட்கார்ந்தவர்கள். அசையக் கூடாது என்று கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தலையைப் பிடித்திருப்பார்கள். படத்தில் கவை தெரியாது. சோமாவதி தன் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "அதுதான் பழைய ஆட்கள் யாரும் சிரிக்கல்ல."

கடிதம் பெட்டியிலேயே. சாப்பிடும்போது ரா. கேட்டாள், "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" பல்வலி என்றேன். கிராம்பு கொடுத்தாள். வாயில் வைத்துக்கொண்டேன்.

12.10.74 சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலை பதினோரு மணி. பல நாளைக்குப் பிறகு நல்ல வெயில். ரா. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருட்டறைக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை. மலர் உள்ளே போய்க் கீழ்த்தட்டிலிருந்த பெட்டியை இழுத்து வந்து முற்றத்தில் கவிழ்த்துவிட்டாள். தாள் முழுக்கச் சிமெண்டில் பரவிக் கிடந்தது. வெயிலில் மெதுவாக ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது.

என் கண்ணில் முதலில் பட்டது தாள்தான். கத்தினேன். குழந்தை அழுதது. ரா. ஓடி வந்து, "அய்யோ வெளிச்சம் பட்டிருச்சே, வெளிச்சம் பட்டிருச்சே" என்று மடியில் பொறுக்கிப் போட்டாள். பொறுக்கியதில் ஒன்று கடிதம்.

நின்றபடியே படித்தாள். இரண்டு தரம்.

"எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

"எங்கப்பா எனக்கு எழுதுனது. எம்பேரு இருக்கு இதுல. இத்தன நாளா நீங்க மட்டும் படிச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"யாரு கொண்டாந்தா?"

"சேகர்."

"வாசல் வரைக்கும் வந்தவன என்கிட்ட வரவிடாம அனுப்பிட்டீங்களா?"

நான் அனுப்பவில்லை, பஸ் என்று ஓடினான். அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் மற்றது மாறாது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாடு போட்டாள். எதிரே உட்காரவில்லை.

நாசமான தாளை ஹாஜியாரிடம் காட்டினேன். குழந்தை இழுத்ததாக மட்டும் சொன்னேன். கடையிலிருந்து வேறு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார், "இதுதான் கடைசி, பாத்து."

வகுப்பில் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை.

13.10.74 ஞாயிறு

மூன்று பேரும் மேமலைக்குப் போனோம். பஸ்ஸில் ஹாலிஎல, அங்கிருந்து நடை. ரா. எனக்கு முன்னால் நடந்தாள், குழந்தையை என்னிடம் தராமல்.

லயத்து வாசலில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு வேறொருத்தியிடம்: "இந்தா, படம் புடிச்சு அனுப்புறவரு வந்துட்டாரு." கோபமாகச் சொன்னதுபோலத் தெரியவில்லை. தபால்காரர் வந்துவிட்டார் என்பது மாதிரி.

மாமா பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். என் படம். முத்திரையின் வளைவு ரா.வின் தோளில் விழுந்திருக்கிறது.

"நல்லாத் தெளிவா விழுந்திருக்கு மாப்ள. கண்டியில இந்தியா ஆபீசரே சொன்னாரு, இந்த மாதிரி இருந்தா தொல்லையே இல்லன்னு."

தலையாட்டினேன்.

அத்தை ரா.வின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீ வரலேன்னா நாங்க எங்க போயி என்னடி செய்யப் போறோம்? அந்த ஊருல யாரத் தெரியும்?" மாமா பிறந்தது இதே லயத்தில். அவர் அப்பாவுக்குத் திருச்சிப் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயர் மட்டும் தெரியும், வழி தெரியாது. சேகருக்கு மட்டும் ஆசை இருக்கிறது. "நெலம் குடுப்பாங்களாம் மச்சான். இங்க காலையில பெரட்டுல பேரு குடுத்தாலும் வாரத்துல மூணு நாள்தான் வேல. மரவள்ளியத் தின்னுக்கிட்டு எத்தன நாளைக்கு?"

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பீலியடியில் வைத்துக் கேட்டார்: "உங்களுக்கு இந்த நாடு குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப எத நம்பி இருக்கச் சொல்றது அவள?"

தண்ணீர் விழும் சத்தத்தில் கேட்காதது மாதிரி நின்றேன்.

இறங்கும்போது ரா. முதல் தடவையாகப் பேசினாள். "அம்மா எளச்சுப் போயிட்டாங்க."

15.10.74 செவ்வாய்

இடி மழை. கூரை ஒழுகும் இடம் மூன்று.

இன்று வகுப்புக்கு ஹாஜியாரின் பழைய ஆல்பம். எந்தத் துரையோ சீமைக்குப் போகும்போது ஏலத்தில் விட்டதாம். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் படங்கள்: நீர்வீழ்ச்சி, பாலம், புதிதாக நட்ட தேயிலை. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் நம் ஆள் ஒருவன் நிற்கிறான். எதற்கு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அளவுக்கு. பக்கத்தில் ஆள் நின்றால்தான் அருவி எவ்வளவு உயரம் என்று சீமையில் பார்ப்பவர்களுக்குப் புரியும். படத்தின் கீழே அருவியின் பெயர் இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.

ஒருவன் மட்டும் அசைந்துவிட்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை. அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோமாவதி, "மாஸ்டர், அடுத்த பக்கம்" என்றாள்.

நம் ஆட்களை முதலில் அளவுக்கு நிற்க வைத்து எடுத்தார்கள். அடுத்தபடியாக அனுப்புவதற்கு நிற்க வைத்து எடுத்தேன் நான். இதை வகுப்பில் சொல்லவில்லை.

செருப்பு தைத்தாயிற்று.

18.10.74 வெள்ளி

கச்சேரி (மாவட்ட அரசாங்க ஆபீஸ்). ஒன்பதுக்குப் போய் இரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இளம் கிளார்க், சிங்களத்தில் பேசினார், நாற்காலி கொடுத்தார். குறை சொல்ல முடியாது.

கல்யாணத்துக்குச் சாட்சி என்ன என்றார். நூறு பேர் பார்த்தார்கள் என்றேன். கல்யாணப் படம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன்.

"நீங்கள் ஃபோட்டோ வாத்தியார் என்று சொன்னீர்களே?"

சொல்ல வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை நானாக இருந்ததால் கேமராவைச் சேகரிடம் கொடுத்தேன். அமுக்க மட்டும் சொல்லிக் கொடுத்தேன், ஃபிலிமைச் சுற்றச் சொல்ல மறந்துவிட்டேன். பன்னிரண்டு தடவை அமுக்கியிருக்கிறான். பன்னிரண்டும் ஒரே கட்டத்தில். தாலி, மாலை, பந்தல், பந்தி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வெறும் வெளுப்பு. கிளார்க் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு அவர், "இருந்தாலும் பயனில்லை. நீங்கள் அந்தத் தொழில். படத்தை நீங்களே செய்துகொண்டதாகச் சொல்வார்கள்" என்றார்.

அவர் விளக்கியது:

1. ரா. இந்தியப் பிரஜை. இங்கே தங்கும் விசா முடிந்தால் போக வேண்டும். குழந்தையையும் கொண்டுபோவதென்றால் தாயும் பிள்ளையுமாகப் புதுப் படம் எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. நான் இலங்கைப் பிரஜையாக இருந்தால் மனைவி என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படி இல்லை.

3. நானும் கூடப் போகலாமா? இந்தியாவுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது.

4. கல்யாணமாகித் தனியே போய்விட்டாள் என்று தகப்பன் சத்தியக் கடதாசி கொடுத்து, அவள் இல்லாத புதுக் குடும்பப் படமும் வைத்தால், கண்டியில் பெயரை எடுத்துவிடச் சம்மதிக்கலாம். எடுத்தால் எடுத்ததுதான்.

"அதற்குப் பிறகு அவள் எந்த நாடு?" என்று கேட்டேன்.

பேனாவை மூடிக்கொண்டே, "உங்களைப் போல" என்றார்.

20.10.74 ஞாயிறு

ஒரு யோசனை. ஃபிலிம் கிடைத்ததும் கல்யாணத்தைச் சாட்சிக்காகத் திரும்பப் படம் எடுத்தால்? கூறைச்சேலை இருக்கிறது. மாலை கட்டலாம். ஹாஜியார் கடையில் பின்திரை இருக்கிறது. வகுப்பு ஆட்களை உறவினராக நிறுத்தலாம். நடந்ததைத்தானே எடுக்கிறோம், பொய் இல்லை. தாளைத் தேநீரில் நனைத்துக் கொஞ்சம் பழையதாக்கலாம். கச்சேரிக் கிளார்க் நம்பாவிட்டாலும் கண்டியில் நம்பக்கூடும்.

ரா.விடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இவள எங்க வைக்கிறது?"

"யார?"

"மலர. கல்யாணத்தன்னிக்கு இவ இல்லையே. படம் எடுக்கையில அடுத்த வீட்ல ஒளிச்சு வைக்கணுமா?"

சோமாவதி கொஞ்ச நேரம் வைத்திருப்பாள் என்றேன்.

"எனக்கு வேணாம். ஏற்கனவே கல்யாணமாகாதவன்னு ஒரு படத்துல நிக்கிறேன். புள்ள இல்லாதவளா இன்னொன்னுல நிக்கமாட்டேன்."

வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இந்தக் கலை பிறந்த காலத்திலேயே நெகட்டிவை வெட்டி ஒட்டியவர்கள் இருந்தார்கள் என்று. அப்போதெல்லாம் சிரிப்பார்கள்.

மலருக்கு இருமல் குறைந்திருக்கிறது. கற்பூரவள்ளி.

22.10.74 செவ்வாய்

வெலிமடைப் பாதையில் மண்சரிவு. பஸ் இல்லை, வகுப்புக்கு யாரும் வரவில்லை. பழைய நெகட்டிவ்களிலிருந்து அடையாள அட்டைப் படங்கள் போட உட்கார்ந்தேன்.

ரா. கதவைத் தட்டினாள். உள்ளே வந்து சாத்திக்கொண்டாள். குழந்தை தூங்குகிறதாம். சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகம் யாரோ மாதிரி இருந்தது. தாள் ஒன்று தொட்டியில் இருந்தது. அது கழுவி முடியும்வரை கதவைத் திறக்க முடியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தாள்.

"பத்து நாளா கேக்கணும்னு இருக்கேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"உன் இஷ்டம் புள்ள. நீ போனாலும் நான் தடுக்கமாட்டேன்."

"நான் அதக் கேக்கல. தடுப்பீங்களான்னு கேக்கல. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

தொட்டியில் எவனோ ஒருவனுடைய முகம் வந்துகொண்டிருந்தது. முதலில் மயிர், பிறகு கண்.

"கடுதாசிய ஒளிச்சீங்க" என்றாள். "அப்ப என்னமோ நெனச்சிருப்பீங்கள்ல? அந்த நெனப்ப வாயால சொல்லுங்க."

"போகாத."

தொட்டியில் இருந்தவன் முகம் கறுத்துப் போயிற்று, எடுக்க மறந்துவிட்டேன்.

"இங்க இருந்தா உனக்கு ஒரு நாடும் இல்ல" என்றேன். "என்கிட்டயும் இல்ல. மலருக்கும் என்னாகும்னு தெரியாது. உங்கப்பா கேட்டது சரிதான்."

"அங்க போனா நாடு இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க. ஒங்க முகத்த இவளுக்கு எப்படிச் சொல்றது?" பிறகு, "எனக்கு ஒங்க மேல இன்னும் கோவந்தான். அது வேற" என்றாள்.

தாளைக் கழுவி முடித்ததும் கதவைத் திறந்தேன். வெளியே மழை விட்டிருந்தது. அவள் எதுவும் நடக்காதது போல் துணியை எடுக்கப் போனாள்.

சந்தோஷமா என்று தெரியவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, அவளைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்து.

24.10.74 வியாழன்

வகுப்பு. இனி என்ன வரும் என்று கேட்டார்கள். அமெரிக்காவில் எடுத்த நிமிஷத்திலேயே படத்தை வெளியே தள்ளும் கேமரா இருப்பதாகச் சொன்னேன், இருட்டறையே வேண்டாம். இருதயம் (தபால் கந்தோரில் வேலை, வகுப்பில் ஒருவர்): "ஒரு காலத்துல படத்தத் தந்தி மாதிரி அனுப்புவாங்க மாஸ்டர், பாத்துக்கிட்டே இருங்க." சோமாவதி: "எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கும். சோறு சாப்பிடுறதையும் எடுப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். சோறு கிடைத்தால் எடுக்கலாம் என்று யாரோ பின்னாலிருந்து.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், பெட்டி எவ்வளவு சிறுத்தாலும் அரசாங்கக் கந்தோர் அதே கந்தோராக இருக்கும். நேராகப் பார், காது தெரிய நில், சிரிக்காதே. எல்லோருடைய முகத்தையும் ஒரே அறையில் அடுக்கிவைக்க ஒரு நாள் வழி கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கும் முகம் இருக்கும், பெயருக்கு எதிரே கோடு போட்டிருக்கும்.

வகுப்பு முடிந்து ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடித விஷயம் உட்பட. கச்சேரியில் சொன்ன நாலாவது வழிக்குப் புதுப் படம் வேண்டும், ஃபிலிம் இல்லை என்றேன். உள்ளே போனார். ஒரு ரோல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மகள்ட கல்யாணத்துக்கு எடுத்து வெச்சது. கல்யாணத்துக்குள்ள வேற ரோல் வந்துரும், இன்ஷா அல்லாஹ். வராட்டியும் ஒங்கட மாதிரி நடந்துட்டுப் போகட்டும்."

27.10.74 ஞாயிறு

எடுத்தாயிற்று.

காலையிலேயே மேமலை. மாமாவிடம் ரா.வே சொன்னாள், நான் வெளியே நின்றேன். உள்ளே அத்தை அழுவது கேட்டது. மாமாவின் குரல் கேட்கவே இல்லை. வெளியே வந்தார், சட்டை மாற்றியிருந்தார்.

"எங்க நிக்கணும்?"

அதே சுவர். அதே ஆணியில் வேட்டி கட்டினேன். மூன்று பேரும் வந்து நின்றார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே பழைய இடத்தில். மாமா நடுவில், அத்தை வலது பக்கம், பின்னால் சேகர். கேமராவுக்குள் குனிந்து பார்த்தேன். இடது ஓரம் ஒரு ஆள் நிற்கும் அளவு காலி.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. கேட்கவில்லையோ என்று திரும்பச் சொன்னேன். ரா. எனக்குப் பின்னால், மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் மூன்று பேரும் பார்த்தது கேமராவை இல்லை, அவளை.

"அப்பா, இங்கிட்டு தள்ளி வாங்க" என்று ரா. சொன்னாள். "அம்மா, நீயும். இன்னும் கொஞ்சம். சேகர், தலைய நிமிர்த்து." வகுப்பு எடுப்பவள் மாதிரி. நெருங்கினார்கள். இடம் மூடிவிட்டது.

மூன்று எடுத்தேன். மங்கலாக விழுந்தால் நிராகரித்துவிடுவார்கள், திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். அதற்காகவே கவனமாக, வெளிச்சத்தை இரண்டு தடவை பார்த்து, என் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே ஒழுங்கான படம்.

சத்தியக் கடதாசியில் மாமா கைநாட்டு வைத்தார். கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு. இன்று போடவில்லை.

3.11.74 ஞாயிறு

பிரிண்ட் நன்றாக வந்தது. சேகர் கண்டிக்குக் கொண்டுபோனான். பழைய 69 நெகட்டிவைத் தேடினேன், ஸ்டூடியோ அலமாரியில் இருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நெகட்டிவில் எல்லோருக்கும் கறுப்பு முகம், வெள்ளைத் தலை. கிழவர்கள் மாதிரி.

சீனி இல்லை. கருப்பட்டித் தேநீர். சோமாவதி வீட்டிலிருந்து ஒரு பை கௌபிப் பயறு.

17.11.74 ஞாயிறு

தீபாவளி போன வாரம் வந்தது, போனது. மாமா வீட்டில் வடை சுட்டார்கள், மாவு எங்கே கிடைத்ததோ.

கண்டிக் கடிதம் வந்துவிட்டது. பெயர் நீக்கம். புத்தகத்தில் பழைய படத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டியிருக்கிறார்கள். ராசாத்தி என்ற வரியில் சிவப்புக் கோடு. ரா. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கோடு நேரா போட்டிருக்காங்க" என்றாள்.

என் பிரஜாவுரிமை பற்றிக் கச்சேரியில் திரும்ப விசாரித்தேன். பரிசீலனையில். ஐந்து வருடமாக அதே சொல்.

சமையலறையிலிருந்து ரா. திடீரென்று: "ஒருவேள நாளைக்கே நம்மளையும் பிடிச்சு எங்கயாவது போகச் சொன்னா, எங்க போகச் சொல்லுவாங்க?"

26.11.74 செவ்வாய்

ஹாலிஎல ஸ்டேஷன். தோட்டத்திலிருந்து எட்டுக் குடும்பம் கிளம்புகிறது. டிரங்குப் பெட்டி, மூட்டை, கூடையில் ஒரு கோழி. கோழியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, அதை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு வழக்கு. மாமாவுக்குப் புதுச் சப்பாத்து. கடிக்கிறது என்று கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கேமராவை எடுத்துப் போயிருந்தேன். ரோலில் மிச்சம் இருக்கிறது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஹாஜியாரே சொன்னார். "மச்சான், எல்லாரும் நிக்கிற மாதிரி ஒண்ணு" என்றான் சேகர். உறையைத் திறந்தேன். மாமா கையை வைத்து மூடினார்.

"வேணாம் மாப்ள. நீங்க எடுத்த ரெண்டுமே ஆபீசுக்குத்தான் போச்சு. எடுத்தா நீங்க பெட்டிக்குள்ள குனிஞ்சிருவீங்க. கோச்சி வர்ற வரைக்கும் நிமிந்து நில்லுங்க, பாத்துக்கிட்டு இருப்போம்."

நின்றோம். கோச்சி முக்கால் மணி நேரம் தாமதம். அத்தை மலருக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள், அவள் வேண்டாம் என்றாள், திரும்பக் கொடுத்தாள்.

கோச்சி வந்ததும் பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. ஏறுகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒரே மாதிரி அழுதார்கள். ரா. அழவில்லை. பெட்டிகளை எண்ணி எண்ணி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். அத்தை ஜன்னலிலிருந்து கையை நீட்டினாள். ரா. பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள், பிறகு ஓடினாள், பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

மாமா கை காட்டவில்லை. கையில் சப்பாத்து.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். மலர் என் மடியில் தூங்கினாள். ரா. தூக்கி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தாள்.

27.11.74 புதன்

வெயில். வரிசை நீளமில்லை, பாண் சீக்கிரம் கிடைத்தது.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ரா. கேட்டாள்: "அம்மா நேத்து என்ன கலர் சேல கட்டியிருந்தாங்க?"

பச்சை என்றேன்.

"நீலமில்ல?"

இல்லை, பச்சைதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொல்ற மாதிரி பச்சையா இருந்தாலும் இருக்கும்" என்றாள். அதற்குள் எனக்கு நீலமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

மலரைக் கேட்டோம். செவப்பு என்றாள். அவளுக்குத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான்.